ராஜாவின் விக்கலும் செம்பாயியின் துணிச்சலும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், முத்தாறு என்ற நாட்டை மகுடமல்லன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. யார் கடைசியாகக் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அப்படிக் காதில் ஓதுவதில் கெட்டிக்காரர் அரண்மனை வைத்தியர் சர்வானந்த பண்டிதர். நன்றாகப் படித்தவர், ஆனால் பொறாமை பிடித்தவர். ஊர்ச்சனம் இஞ்சியும் ஓமமும் தட்டிப்போட்டுக் கைவைத்தியம் செய்துகொண்டு தன்னை மதிப்பதில்லை என்று அவருக்கு வயிற்றெரிச்சல். ராஜாவிடம் போய், "பட்டம் பெறாதவர் வைத்தியம் பார்த்தால் தலை போகும்" என்று ஒரு சட்டமே வாங்கிவிட்டார்.

மந்திரி பூவராகர் எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். ராஜா கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் ராஜாவுக்கு விக்கல் வந்தது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள்! பண்டிதர் சூரணம் கொடுத்தார், லேகியம் கொடுத்தார், தங்கபஸ்பத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். விக்கல் அசையவில்லை.

ஒன்பதாம் நாள் சபை கூடியபோது செம்பாயி என்ற பெண்ணை இழுத்துவந்தார்கள். அரண்மனை மடைப்பள்ளியில் மசாலா அரைப்பவள். வயிற்றுவலியில் துடித்த ஒரு காவலனுக்கு ஓமத்தண்ணீர் கொடுத்தாளாம். அதுதான் குற்றம்.

அவளைப் பார்த்ததும் ராஜாவுக்கே மனசு இளகியது. "பாவம், இவளைக் கொல்..." என்றான். விக்கல் வந்து தொண்டையை அடைத்தது.

வாள்காரன் சட்டென்று வாளை ஓங்கிவிட்டான்!

பூவராகர் வயசையும் மறந்து பாய்ந்து அவன் கையைப் பிடித்துத் தொங்கினார்.

"...லாதே!" என்று முடித்தான் ராஜா.

ஒரு விக்கலில் ஓர் உயிர் போயிருக்கும்! ஆனாலும் போட்ட சட்டத்தை மீற ராஜாவுக்கு மனமில்லை. "இவளை நாட்டை விட்டு... விக்... அனுப்பிவிடுங்கள்" என்றான்.

பூவராகர் செம்பாயியிடம் குனிந்து, "அம்மா, இந்த விக்கலுக்கு உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியும் சாமி. ஆனா சொன்னாப் பலிக்காது. சொன்னாத் தலையும் போகும்."

"சொல்லாமல் செய்ய முடியுமா?"

செம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொண்டையை முடிந்துகொண்டாள். சிம்மாசனத்தின் பக்கத்தில் ராணி உட்கார்ந்திருப்பதை ஒருதரம் பார்த்துவிட்டு, ராஜாவின் நேருக்கு நேராகப் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யோவ்! நாட்டை விட்டுப் போகச் சொல்ல நீ யாருய்யா? அம்மன் கோயில்ல என் கழுத்துல தாலி கட்டுனப்ப இப்படித்தான் சொன்னியா? மூணு பிள்ளையைக் கொடுத்துட்டு, இப்ப யாரோ மாதிரி முழிக்கிறியே!"

இடி விழுந்தாற்போல் ஆகிவிட்டது. சாமரம் வீசியவள் சாமரத்தைக் கீழே போட்டாள். பூவராகர் தலையில் அடித்துக்கொண்டார். 'ஐயோ, நானே இவளைத் தூண்டிவிட்டேனே, இப்போது இரண்டு தலையும் போகப்போகிறதே!'

ராணி மெதுவாகத் திரும்பி ராஜாவைப் பார்த்தாள்.

ராஜா வியர்க்க விறுவிறுக்கத் துள்ளி எழுந்தான். "பொய்! பச்சைப் பொய்! இவள் யாரென்றே எனக்குத் தெரியாது! இவள் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்! ராணி, உன்மேல் ஆணை, என் குலதெய்வத்தின்மேல் ஆணை!"

பூவராகர் உற்றுக் கேட்டார். அப்புறம் மெல்லக் கேட்டார்: "மன்னா, விக்கல் எங்கே?"

ராஜா நெஞ்சில் கைவைத்துப் பார்த்தான். இல்லை!

செம்பாயி சாஷ்டாங்கமாக விழுந்தாள். "மன்னிக்கணும் மகாராசா. திடுக்குனு அதிர்ச்சி கொடுத்தா விக்கல் நிக்கும்னு எங்க ஊர்ல செய்வாங்க. எல்லா விக்கலுக்கும் கேக்காது. உங்களை அதிர வைக்க வேற வழி எனக்குத் தெரியலை."

பண்டிதர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "நம்பாதீர்கள்! நின்றது என் லேகியத்தால்! அது இப்போதுதான் வேலை... விக்!"

வாயைப் பொத்திக்கொண்டார். "விக்! விக்!"

"அப்படியா? லேகியத்தைச் சாப்பிடும்" என்றான் ராஜா. பண்டிதர் மூன்று உருண்டை விழுங்கினார். விக்கல் இன்னும் பலமாக வந்தது. ராஜா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "என்னிடமே பொய்யா? எடுங்கள் இவர் தலையை!" என்று கர்ஜித்தான். வாள் உயர்ந்தது. பண்டிதர் பேச்சுமூச்சில்லாமல் நின்றார். விக்கலும் நின்றுபோயிற்று.

ராஜா வாளை இறக்கச் சைகை காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "பார்த்தீரா மந்திரி, நானும் குணப்படுத்திவிட்டேன்!"

பூவராகர் சிரிக்கவில்லை. கைகட்டி, "அதுதான் மன்னா கவலையாக இருக்கிறது. தங்களுக்கு வைத்தியப் பட்டம் இல்லையே. சட்டப்படி..." என்று இழுத்தார்.

ராஜாவின் கை தன்னையறியாமல் கழுத்தைத் தடவியது. சிரிப்பு நின்றது. சட்ட ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, தானே கிழித்துப் போட்டான்.

"செம்பாயி, என்ன வேண்டும், கேள்!"

"ஓமம், துளசி போட ஒரு துண்டு நிலம் போதும் மகாராசா. பண்டிதரையும் விரட்டிடாதீங்க. பாம்பு கடிச்சா, எலும்பு முறிஞ்சா நானே அவர்கிட்டத்தான் ஓடுவேன்."

பண்டிதர் தலையே நிமிரவில்லை. தம் பட்டுச் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.

சபை கலைந்தது. ராஜா உற்சாகமாக எழுந்தான். ராணி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் சரி. அவள் பொய்தான் சொன்னாள். ஆனால் அம்மன் கோயில், தாலி என்றதும் உங்களுக்கு ஏன் அப்படி வியர்த்தது?"

ராஜா மந்திரியைத் தேடினான். பூவராகர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.