பால் காய்ச்சியவர் பொறுப்பு

செங்குன்றபுரியில் மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு. சட்டத்துக்கு வந்ததே இல்லை. அரசர் இளந்திருமாறர் நல்ல மனிதர்தான். ஆனால் அமைச்சர் தருமசீலர் எந்த ஓலையை நீட்டினாலும் முத்திரை குத்திவிடுவார். படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

அந்த ஆண்டு வந்தது 'குடிமக்கள் நலச் சட்டம்'. கத்திரிக்காயைத் தொட்டவர் அதை வாங்கியவர் ஆவார். உள்ளே புழு இருந்தால் புழுவும் அவருக்கே சொந்தம். விபத்தில் அடிபட்டவர், தாம் ஏன் அந்த இடத்தில் இருந்தார் என்று முதலில் விளக்கம் தர வேண்டும். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது வீட்டு விதி: 'புது வீட்டில் பால் காய்ச்சியவர், அந்த வீட்டின் குறைகள் அனைத்தையும் தம் தலையில் ஏற்றுக்கொண்டவர் ஆவார். அதன்பின் எது இடிந்தாலும் அவரே பொறுப்பு.'

விதி வந்த அன்று, மேலத்தெருவில் நாற்பது வீடு கட்டி விற்பனைக்கு வைத்திருந்த தணிகாசலக் கொத்தனார் ஊருக்கே அதிரசம் கொடுத்தார். அவர் அமைச்சரின் மைத்துனர். அரண்மனை விதூஷகர் வைரவநாதருக்கும் ஒன்று வந்தது. அவருக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

ஆடி மாதம் பாதியில், உலகம்மாள் என்ற பெண் அழுதுகொண்டே சபைக்கு வந்தாள். அவள் புருஷன் சங்கிலி, அரண்மனை ஓலைகளைச் சுமந்து ஓடும் அஞ்சல்காரன். இந்தச் சட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன்தான்.

"மகாராசா, மேலத்தெருவுல வீடு வாங்கிக் குடி வந்து ஒம்பது நாளுங்க. கூரை விழுந்து அவரு கால் ஒடிஞ்சு போச்சு. ஓடிப் பொழைக்கிற மனுஷன் கட்டில்ல கெடக்காரு. கொத்தனாரு வீட்டைத் திரும்பக் கட்டித் தரணும். அவரு எந்திரிச்சு ஓடுற வரைக்கும் எங்களுக்குக் கஞ்சி ஊத்தணும்."

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "கூரை விழும் நேரத்தில் உன் புருஷன் ஏன் அங்கே படுத்திருந்தான்? விளக்கம் தா."

"அது எங்க வீடுங்க சாமி. வேற யார் வீட்டுலங்க படுக்குறது?"

சபையில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

"சரி, பால் காய்ச்சித்தானே குடி போனீர்கள்? அப்படியானால் பொறுப்பு உங்களுடையது."

"காய்ச்சலீங்க! ஆடி மாசத்துல யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா? பழைய குடிசைய வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு. வேற வழியில்லாம சட்டி பானையோட வந்து ஒண்டினோம். ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாக்கலாம்னு இருந்தோம்."

அமைச்சரின் முகம் சுருங்கியது. ஆனால் தணிகாசலம் மட்டும் ஓரமாக நின்று புன்னகை செய்துகொண்டிருந்தார். அந்தப் புன்னகையை வைரவநாதர் கவனித்தார். இந்த ஆள் ஏதோ செய்து வைத்திருக்கிறார், அதை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்று எழுந்தார்.

"கொத்தனாரே, வசமாக மாட்டிக்கொண்டீர்! பால் காய்ச்சாத வீடு இன்னும் உம் பொறுப்பில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு அதிரசம் கொடுத்துவிட்டீரே."

தணிகாசலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "காய்ச்சவில்லை என்று யார் சொன்னது? இந்த ஜனங்கள் ஆடி, மார்கழி, அஷ்டமி, நவமி என்று இழுத்தடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? சாவி கொடுப்பதற்கு முன்னாலேயே காய்ச்சி முடித்துவிட்டேன்! பால் காய்ச்சிய வீட்டுக்கு இனி நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

"நீரா காய்ச்சினீர்?"

"நானேதான். என் பால், என் பானை, என் விறகு!"

"யாராவது வேலையாளை விட்டுச் செய்திருப்பீர்."

அமைச்சர் மைத்துனரின் காலை மிதித்தார். மைத்துனர் காலை நகர்த்திக்கொண்டு மேலே பேசினார். "ஆளை நம்புகிற காலமா இது? நாற்பது வீட்டிலும் என் கையாலேயே காய்ச்சினேன். தெருவே சாட்சி!"

"எழுத்தரே, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளும்" என்றார் வைரவநாதர். பிறகு மிகுந்த பணிவோடு அமைச்சர் பக்கம் திரும்பினார். "தாங்கள் இயற்றிய வீட்டு விதியைத் தங்கள் வாயாலேயே கேட்க ஆசை."

அமைச்சர் சட்ட ஓலையைப் பிரித்து முணுமுணுத்தார். "புது வீட்டில் பால் காய்ச்சியவர், அந்த வீட்டின் குறைகள் அனைத்தையும் தம் தலையில்…"

"போதும், போதும்! நாற்பது வீட்டின் குறையும் ஒரே தலையில். அரசே, இப்படியொரு தியாகியை இந்த நாடு கண்டதில்லை."

உலகம்மாளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக நின்றாள்.

அரசர் தீர்ப்புச் சொன்னார். நாற்பது வீட்டையும் தணிகாசலமே செப்பனிட வேண்டும். சங்கிலி எழுந்து ஓடும்வரை அவன் வீட்டுச் சாப்பாடு தணிகாசலம் வீட்டிலிருந்து போக வேண்டும். சொல்லி முடித்ததும் அரசருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்துத் தூணை ஓங்கி ஓங்கித் தட்டிச் சிரித்தார்.

"அரசே, தூணைத் தட்டாதீர்கள்" என்றார் வைரவநாதர்.

"ஏன்?"

"போன தை மாதம் இந்தச் சபா மண்டபத்தைக் கட்டித் தந்தவரும் தணிகாசலம்தான்."

சிரிப்பு நின்றது. கை தூணிலிருந்து மெல்ல இறங்கியது. "அதனால் என்ன? இங்கேயும் அவன்தானே பால் காய்ச்சியிருப்பான்?"

"இல்லை அரசே. தங்கள் திருக்கரத்தால் தாங்களே காய்ச்சினீர்கள். அடுப்புக்கு விசிறியது அடியேன்."

அரசர் அண்ணாந்து மேலே பார்த்தார். பிறகு அமைச்சர் கையிலிருந்த சட்ட ஓலையைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தார். "தீர்ப்பு அப்படியே நிற்கட்டும். இந்தச் சட்டம் வேண்டாம்! வைரவநாதரே, உமக்கு என்ன பரிசு வேண்டும், கேளும்."

வைரவநாதர் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார்.

"வெளியே வாருங்கள் அரசே, சொல்கிறேன்."