சிவராசு தவ்விய இடங்கள்

குருவுக்கு வயது இருபத்தாறு, சிஷ்யைக்கு முப்பத்தெட்டு. என்ன செய்வது, வித்தை இளையவளிடம் இருந்தது.

கோவை கணபதியில் ஒரு பேக்கரி மாடியில் நிலோபர் ஒலிப்பதிவு வகுப்பு நடத்துகிறாள். பூங்கொடி அங்கே சேர்ந்தது தொழில் கற்க அல்ல, ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்ய. அந்தக் காலத்து டிவி கேம் ஒன்றின் பாட்டு. கேசட்டும் பெட்டியும் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. பாட்டு மட்டும் ஒரு சின்ன ஃபைலாக இணையத்தில் கிடைத்தது. அதைப் பிளேயரில் ஓடவிட்டுப் பதிவு செய்து, அண்ணன் சிவராசுவிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவாள்.

சிவராசுவின் வலது கை விரல்கள் நான்கும் பட்டறையில் பவர் பிரஸ் இயந்திரத்தில் சிக்கிப் போய் ஐந்து மாதம். சோறு போதும், தண்ணி வேணும், அவ்வளவுதான் அவன் பேச்சு. மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். சின்ன வயதில் அந்த விளையாட்டுக்கு உயிரை விட்டவனாச்சே, பாட்டைக் கேட்டாலாவது எழுந்து உட்காருவான் என்று தங்கைக்கு நப்பாசை.

மூன்றாம் முறையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

"என்னாச்சுக்கா?"

"கேட்டான். 'இது அது இல்ல'ன்னான். திரும்பிப் படுத்துக்கிட்டான்."

"வேற பாட்டா இருக்குமோ?"

"அதேதானுங்க டீச்சர். ஆனா எனக்கும் என்னமோ உறுத்துது. தரத்தைக் கூட்டினேன், இரைச்சலை எடுத்தேன், ரெண்டு சுத்து ஓடவிட்டு அலுங்காம முடிச்சேன். தப்பு எங்கதானுங்க இருக்குது?"

"தப்பே இல்ல. சின்ன வயசுல இதை நீங்க எப்படிக் கேட்டீங்க?"

"அண்ணன் ஆடுவான். நான் பக்கத்துல உக்காந்து பார்ப்பேன்."

"உங்களுக்கு ஆடத் தர மாட்டாரா?"

"அவனா! ரிமோட்டைத் தொட்டாலே கொட்டு விழும்."

"அவர் ஆடாம சும்மா நின்னு, பாட்டை மட்டும் கேட்டிருக்கீங்களா?"

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. "நிக்கறதா? திரையில பள்ளம் இருந்தாலும் பட்டனை அழுத்தித் தவ்வுவான், இல்லாட்டியும் தவ்வுவான். குரங்குங்க அவன்."

நிலோபர் பாட்டை ஓடவிட்டாள். ஓடும்போதே விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தினாள். மேலே ஒலித்த மெட்டு மட்டும் நின்றது, அடியில் மற்ற ஒலிகள் ஓடின. விட்டாள், வந்தது. மறுபடி அழுத்தினாள், விட்டாள்.

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இப்படித்தானுங்க! இப்படித்தான் ஓட்டை ஓட்டையா இருக்கும்!"

"அந்தப் பெட்டியால ஒரே நேரத்துல நாலஞ்சு ஒலிதான் எழுப்ப முடியும்க்கா, அதைக் குரல்னு சொல்லுவோம். கேம்ல ஆளு தவ்வினா, அந்தச் சத்தத்துக்குப் பாட்டுல ஒரு குரல் இடம் விட்டு ஒதுங்கிக்கும். ஃபைல்ல பாட்டு மட்டும்தான் இருக்குது. தவ்வ ஆள் இல்ல."

பூங்கொடிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் இல்லை. இத்தனை நாளும் அண்ணனை எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் அண்ணனிடம் கொண்டுபோயிருக்கிறாள்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"நீங்க பதிவைப் போடுங்க டீச்சர். நான் அழுத்தறேன். எந்த எடத்துல தவ்வுவான்னு எனக்கு மனப்பாடம்."

நிலோபர் பாட்டை நிறுத்தினாள். விசைப்பலகை மேல் இருந்த பூங்கொடியின் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்தாள்.

"நீங்க வேண்டாம். நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க."

"அவன் எப்படிங்க... அந்தக் கையை வெச்சுக்கிட்டு..."

"ஒரு விரல் வேலைதான்க்கா. இடது கையில அவருக்கு அஞ்சு இருக்குதுல்ல?"