பாலாலயத்துப் பாட்டு

தேர் ஓடும் நான்கு வீதிகளுக்கு நடுவே, ஊரே நிமிர்ந்து பார்க்கும் கோயில் அது. சோழர் கட்டியது, பாண்டியர் விரிவுபடுத்தியது, நாயக்கர் கோபுரம் எழுப்பியது என்று அதன் வரலாறு உமையாளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஓதுவார் சிற்றம்பலத்திடம் வருடக்கணக்காகத் தேவாரம் படிப்பவள். அந்தக் கருவறைக்கு முன்னால், கல்லெல்லாம் கணீரென்று திருப்பிச் சொல்ல, ஒருநாள் பாட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்குக் கிடையாது.

பாடும் நாள் வந்தபோது கருவறை பூட்டிக் கிடந்தது. திருப்பணி. சுவாமியை ஓர் அத்திப் பலகையில் எழுந்தருளச் செய்து, வெளிப்பிராகாரத்துக் கீற்றுக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். பாலாலயம் என்பார்கள். ஒரு பக்கம் மணல் குவியல், மறுபக்கம் சிமெண்ட் மூட்டை. பார்க்கப் பார்க்க உமையாளுக்கு அழுகை முட்டியது.

ஓதுவாருக்கோ தொண்டை கட்டி, குரலுக்குப் பதில் மூச்சுதான் வந்தது.

"சாயங்காலம் சாயரட்சை பூஜைக்கு இன்னைக்கு நீதான் பாடணும்," என்று கிசுகிசுத்தார்.

"இங்கேயா? என்னால முடியாதுங்க ஐயா. கும்பாபிஷேகம் ஆகட்டும், உள்ளே பாடறேன்."

"அப்ப இன்னைக்கு?"

"ஒரு நாள் பாட்டு இல்லேன்னா கோயில் இடிஞ்சா விழுந்துடும்? ஆயிரம் வருஷம் நின்ன கோயில் ஐயா!"

நல்ல கேள்விதான். கேட்டவளுக்கே அதில் கொஞ்சம் பெருமை. ஓதுவார் கோபித்துக்கொள்ளவில்லை. சிமெண்ட் மூட்டை மேலேயே உட்கார்ந்தார்.

"ஒரு காலத்துல இந்த ஊருக்குள்ள படை வந்துச்சு. கோயிலைப் பூட்டிட்டு, உற்சவர் சிலையைத் தூக்கிட்டுப் போய் ஒரு மாட்டுத் தொழுவத்துல வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. சத்தம் வெளிய கேட்டா தலை போயிடும். அப்பத்தான் பாடக் கத்துக்கிட்டு வந்த ஓதுவார் ஒருத்தர், தினமும் அந்த வைக்கோல் பக்கத்துல உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பாடினார்."

"எத்தனை நாள்?"

"சாகற வரைக்கும். மகனுக்கும் அங்கேயேதான் சொல்லிக் கொடுத்தார்."

"கோயில் திறக்கலையா?"

"திறந்துச்சு, அவர் போன பிறகு."

உமையாளுக்கு மனசு கனத்துவிட்டது. "பாவம் ஐயா. ஒரு தடவைகூட உள்ளே நின்னு பாடக் கொடுத்து வைக்கலையே."

மணி அடித்தது. குருக்கள் தீபத்தை ஏற்றிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஓதுவார் எழுந்து, கைத்தாளத்தை அவள் கையில் வைத்தார்.

"கோயிலை ராஜாக்கள் கட்டினாங்கம்மா. நீ படிச்ச பாட்டு அந்தத் தொழுவத்துலேருந்து வந்திருக்கு."