துண்டுக்குள் விற்ற மண்டபம்

தாழையூரில் ஆவுடை என்று ஒருத்தி. புட்டு அவித்து விற்பவள். அவள் இருந்த வாடகை வீட்டை, அவள் உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் நின்று விற்றுவிட்டார்கள். சாயங்காலம் சட்டிபானை எல்லாம் தெருவில். மழை வேறு. நடந்த அநியாயம் இதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிற மேளச் சத்தத்தில் இது யார் காதிலும் விழாது.

விற்றுக் கொடுத்தவர் மனைத்தரகர் சபைத் தலைவர் தாண்டவராயர். அவரிடம் போய் ஆவுடை கேட்டாள்:

“உள்ள யாரு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாய்யா?”

அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்: “அதைக் கேட்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது, தாயே. கேட்டால் மனசு இளகும். மனசு இளகினால் விலை இளகும்.”

எவ்வளவு நேர்மை பாருங்கள்! ஆவுடை அழுதுகொண்டே அழகவேள் மன்னரிடம் முறையிடப் போனாள். அரண்மனை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஊர்வலம் நின்றது. அதுவும் தரகர் சபையின் ஊர்வலம்தான்.

யானை, கொம்பு, தாரை, தப்பட்டை. “சொந்த வீடே சொர்க்கம்” என்று ஒரு புலவர் தொண்டை கிழியப் பாடினார். அவர் படுப்பது சத்திரத்தில். மக்களுக்கு வீட்டு ஆசை வர வேண்டுமாம். அதற்காக ஊர் ஊராகப் பாட்டு, கூத்து, அன்னதானம். செலவு முழுக்கச் சபையுடையது. சபைக்கு ஏது பணம்? ஆவுடை வீட்டை விற்றார்களே, அந்த மாதிரித் தரகு. அதாவது அவளைத் துரத்திய காசில் அவளுக்கே சொந்த வீட்டின் பெருமையைப் பாடிக் காட்டினார்கள். அமைச்சர்களுக்குப் பட்டு வேட்டி போயிருந்தது. மன்னருக்கு வெள்ளி ஊஞ்சல். லஞ்சமா? சேச்சே, நன்கொடை!

தாண்டவராயர் அரசவையில் ஓலையை நீட்டினார்.

“மன்னா, சொத்துரிமைச் சட்டம். வீடு வைத்திருப்பவன் எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். விலை முடிந்த அன்று இருட்டுவதற்குள் குடியிருப்பவன் வெளியேற வேண்டும். வாடகைக்காரன் எவனும் தங்களிடம் முறையிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. எல்லாம் மக்கள் நன்மைக்காக!”

மன்னர் ஊஞ்சலை நினைத்தாரோ என்னவோ, முத்திரை மோதிரத்தைக் கழற்றினார். வாசலில் நின்ற ஆவுடைக்கு உயிரே போய்விட்டது. அவளுக்கு மிச்சமிருந்தது அந்த முறையீடு ஒன்றுதான்.

மன்னருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பவள் சிவந்தி. அரசவையில் நடப்பதெல்லாம் அவள் காதில் விழும், ஊரில் நடப்பதும்.

“தயங்காமல் முத்திரை வையுங்கள், மன்னா” என்றாள். “அருமையான சட்டம்! இதன்படி முதல் விற்பனை அரண்மனைச் சொத்தாகவே இருக்கட்டும். வாடகைக்கு விட்ட கட்டடம் ஒன்று தங்களுக்கு இருக்கிறதே, அதை நான் வாங்கிக்கொள்கிறேன். தாங்கள் பரிசளித்த நகையெல்லாம் சும்மாதானே கிடக்கிறது? தலைவரே தரகு பேசட்டும்.”

அரண்மனைச் சொத்து! இரண்டு பக்கமும் தரகு! தாண்டவராயர் தோள் துண்டு தானாக இறங்கியது.

அந்த ஊரில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கடியில் தரகர் விரலைப் பிடித்துத்தான் பேரம். கையை இறுக்கி அழுத்திவிட்டால் முடிந்தது, யாரும் பின்வாங்க முடியாது.

மன்னர் முத்திரை வைத்தார். தாண்டவராயர் துண்டைப் போட்டு மன்னர் விரலைப் பிடித்தார். சிவந்தி விரலைப் பிடித்தார். திரும்ப மன்னர் விரல். இரண்டு பேர் கையையும் இறுக்கி அழுத்தினார்.

“முடிந்தது!”

“எந்தக் கட்டடம் என்று கேட்கவில்லையே நீங்கள்?” என்றாள் சிவந்தி.

“எதுவாக இருந்தால் என்ன, அம்மணி?”

“உள்ளே யார் இருக்கிறார்கள் என்றாவது?”

“எவனாக இருந்தாலும் இருட்டுவதற்குள் காலி செய்வான். சட்டம் இருக்கிறது!”

“தெற்கு வீதி மண்டபம்” என்றாள் சிவந்தி. “மன்னரின் பாட்டனார் உங்கள் சபைக்கு வாடகைக்கு விட்டது.”

ஊருக்கெல்லாம் சொந்த வீடு வேண்டும் என்று பாடியவர்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை இல்லை!

“மன்னா!” தாண்டவராயர் காலில் விழுந்தார். “இது அநியாயம்! மூன்று தலைமுறையாக இருக்கிறோம்...”

“வாடகைக்காரன் முறையிடக் கூடாதே, தாண்டவராயரே” என்றார் மன்னர். “சட்டம் இருக்கிறது.”

“அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போடுங்கள், மன்னா!”

“நீங்களே கேட்பதால்” என்று மன்னர் ஓலையை இரண்டாகக் கிழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “சரி, இப்போது முறையிடலாம்... கேட்டாயிற்று. ஆனால் உங்கள் துண்டுக்கடியில் முடிந்த பேரத்தை நான் எப்படி மாற்றுவது? வாங்கியவளிடமே கேளுங்கள்.”

“நான் ஆவுடை பேருக்கல்லவா வாங்கினேன்?” என்றாள் சிவந்தி. “யாருக்கு என்றும் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் தரகு இரண்டு பக்கமும் வந்துவிடும், கவலைப்படாதீர்கள்.”

தாண்டவராயர் வாசல் பக்கம் திரும்பினார். நனைந்த சேலையோடு ஆவுடை நின்றிருந்தாள்.

“தாயே, வெளியே மழை கொட்டுகிறது. வாங்குவதற்கு முன்னால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

ஆவுடை முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

“கேட்டா மனசு இளகிருமேய்யா.”