கீழே இறங்கிய கொடி

முன்னொரு ஆடி மாதத்தில், நகரத்து மூன்றாம் மாடி வீடு ஒன்றுக்கு ஒரு கொடி குடிவந்தது. கரும்பச்சை இலைகள். தொட்டால் வெல்வெட் துணிபோல மெத்தென்று இருக்கும். இலையைத் திருப்பினால் செம்பு நிறம் மினுங்கும். வீட்டுக்காரி மெர்லின் அதை வெள்ளைப் பீங்கான் தொட்டியில் நட்டு, ஜன்னலுக்கு மேலிருந்த பலகையில் வைத்தாள்.

மெர்லினுக்கு அதன்மேல் உயிர். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், வேலைவிட்டு வந்ததும் ஒரு டம்ளர். “குடிம்மா செல்லம்” என்று ஊற்றுவாள். முதல் வாரம் கொடிக்குக் கொண்டாட்டம்தான். மூன்றாம் வாரம் வேர்களுக்கு மூச்சு முட்டியது.

“தொட்டி அண்ணா, இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விடேன்” என்று கொடி கெஞ்சியது.

“எப்படி விடுவது? என் உடம்பில் ஓர் ஓட்டை உண்டா? கடைக்காரரே தட்டிக் காட்டித்தான் விற்றார்” என்றது தொட்டி பெருமையாக.

“என் வேர் அழுகுகிறதே!”

“அன்போடு ஊற்றுகிறாள். அதைப் போய்க் குறை சொல்வார்களா?”

அன்றைக்கே இரண்டு இலைகள் மஞ்சளாயின. மெர்லின் பதறிப்போய் மூன்றாவது டம்ளரையும் ஊற்றினாள்.

கொடி கீழே பார்த்தது. ஜன்னல் திட்டில், விளிம்பு உடைந்த மண்தொட்டி ஒன்றில் கற்றாழை நின்றது. அதற்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.

“அக்கா, உன் மண்ணில் எனக்கு ஒரு விரல் இடம் தருவாயா?”

கற்றாழை நிமிர்ந்து பார்த்தது. “இடம் இருக்கிறது. ஆனால் இங்கே தண்ணீர் கொஞ்சம்தான். என் முள்ளும் குத்தும். சம்மதமென்றால் இறங்கி வா. என்னால் எட்டித் தூக்க முடியாது.”

“உயரத்தில் இருப்பவள் கீழே போவாளா? ஊர் சிரிக்கும்” என்றது தொட்டி.

கொடி கீழ்நோக்கி வளரத் தொடங்கியது. மிச்சமிருந்த தெம்பையெல்லாம் நுனிக்கு அனுப்பியது. அடித்தண்டின் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அவற்றுக்காக அழ அதற்கு நேரமில்லை. கற்றாழைக்கு ஒரு சாண் மேலே வந்தபோது மின்விசிறிக் காற்று அதைத் தள்ளித் தள்ளி ஆட்டியது. முள் ஒன்று புது இலையைக் கிழித்தது. ஆனாலும் ஒரு நாள் பிற்பகல், அதன் கணு ஒன்று மண்ணைத் தொட்டது. கணுவிலிருந்து நூல்போல ஒரு வெள்ளை வேர் இறங்கியது.

“பிடித்துவிட்டேன் அக்கா!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெர்லினின் கணவன் ஆல்வின் மூக்கைப் பொத்திக்கொண்டான். “மெர்லின், இது செத்துப்போச்சு. நாத்தம் தாங்கல. தூக்கிப் போட்டுரலாம்.”

அவள் கண் கலங்க அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள். அழுகிய வேர் கூழாகக் கையோடு வந்தது. தொங்கிய கொடியை இழுத்தாள். அது வரவில்லை.

“என்னங்க, இங்க வாங்களேன். எதையோ புடிச்சிக்கிட்டிருக்கு.”

ஆல்வின் குனிந்து பார்த்தான். “அடேயப்பா! தானா கீழ வந்து வேர் விட்டிருக்கு!”

மெர்லின் பீங்கான் தொட்டியைச் சாய்த்தாள். கறுத்த தண்ணீர் கொட்டியது. “நான்தாங்க இதைக் கொல்லப் பாத்திருக்கேன்” என்றாள்.

அழுகிய பகுதியைக் கத்தரித்து எறிந்தாள். பழக்கதோஷத்தில் டம்ளரை எடுத்து வந்தவள், கற்றாழைத் தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் இருந்தது. தண்ணீரைத் தானே குடித்துவிட்டுப் போனாள்.

மார்கழியில் கொடி ஜன்னல் கம்பியைப் பற்றி ஏறியது. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இலை விரிந்தது. பலகையில் இருந்தவரை அவ்வளவு பெரிய இலையை அது விட்டதே இல்லை.

“போதுமடி, என் வெயிலை மறைக்கிறாய்” என்று செல்லமாகச் சலித்தது கற்றாழை.

“கொஞ்சம் நகர்ந்துகொள் அக்கா” என்றது கொடி. “இன்னொன்று வருகிறது.”