பல்லி வராமல் சுவிட்சைத் தொடாதே

செம்பட்டான்குளத்துக்காரர்கள் எந்தக் காரியத்தையும் யோசிக்காமல் செய்ததில்லை. யோசித்துச் செய்ததனால்தான் சுற்று வட்டாரத்தில் அவர்களுக்கு அப்படியொரு பெயர் ஏற்பட்டது.

அந்த ஊருக்கும் அடுத்த ஊரான கருக்குவேலூருக்கும் இடையே இரண்டு மைல் தூரம். புதிதாக வரப்போகிற பேருந்து இரண்டு ஊர் வழியாகவும் போகும், ஆனால் ஒன்றில்தான் நிற்கும், எந்த ஊர் என்பதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மூன்று மாதம் பேசினார்கள். பேச்சு வளர்ந்ததே தவிர முடியவில்லை. கடைசியில், ஊருக்கொரு கம்ப்யூட்டர் இருப்பதால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் மோதிப் பார்ப்பது, வென்ற ஊரில் பேருந்து நிற்பது என்று ஒப்பந்தமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போட்டி.

செம்பட்டான்குளத்தின் மானம் பலவேசத்தின் வீட்டு முன்னறையில் இருந்தது. கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. கீபோர்டைப் பலவேசம் அழுத்துவார். மவுஸைத் தவசிக்கனி நகர்த்துவார்; யாரும் படிக்காத விளக்கப் புத்தகத்தைப் பாதிவரை படித்தவர் என்பதனால் அவருக்கு ஊரில் தனி மரியாதை. திரையைப் பார்த்து நடப்பதைச் சொல்லும் வேலை சங்கிலிபூதத்துக்கு. மற்ற இருவரும் திரையைப் பார்ப்பதில்லை. பார்த்தால் கவனம் சிதறும்.

பலவேசத்துக்கு ஊர் மானத்தோடு சொந்தக் கவலை ஒன்றும் இருந்தது. அவர் மனைவி வடிவு வீட்டிலிருந்தே நைட்டி தைத்து, தினமும் காலையில் திருநெல்வேலிக் கடையில் கொண்டு கொடுப்பவள். ஒப்பந்தமான அன்றே அவள் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க. ஜெயிச்சா நான் வாசல்ல பஸ் ஏறிப் போயிருவேன். தோத்தா, கருக்குவேலூர் வரைக்கும் நைட்டி மூட்டையை உங்க தலையிலதான் ஏத்துவேன். தினமும். மழையா இருந்தாலும்."

பலவேசம் தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அது மூட்டைக்கென்று அமைந்த தலையாக அவருக்குத் தோன்றவில்லை.

இந்த நிலையில் புதன்கிழமை காலை கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று. சுவிட்சைப் போட்டால் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மூவரும் கூடிப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே, மின்சாரம் வந்து சேருகிற இடத்தருகே, ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது.

பலவேசம் உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் விரலால் சுட்டி எண்ணிப் பார்த்தார்.

"எல்லாம் இருந்தபடியே இருக்கு. செத்துக் கிடக்கது இது ஒண்ணுதான்," என்றார் பலவேசம்.

"அப்போ மாத்த வேண்டியதும் இது ஒண்ணுதானே?" என்றான் சங்கிலிபூதம்.

தவசிக்கனி குனிந்து ஆராய்ந்தார். "புத்தகத்துல இது வரலியே. படிக்காத பாதியில வரும்னு நினைக்கேன்."

பல்லியைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். கடைக்குப் போனால் மாதிரி கேட்பார்கள் அல்லவா? ஊர்ப் பொதுவில் எட்டாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அதற்குமேல் ஒரு காசு கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் ஜமால் பாய். பொறுமைசாலி. மூவரும் தூக்கி வந்த பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர், "அடடா, பல்லி பூந்திருக்குல்லா! கருகின தடம் கிடக்கு பாருங்க. பல்லி செத்ததுலதான் அண்ணாச்சி மிஷினும் செத்திருக்கு," என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டார்கள். படிக்காமலே கண்டுபிடித்த நோயைப் பெரிய டாக்டரும் ஒப்புக்கொண்டாற்போல் இருந்தது.

"இதே மாதிரி ஒண்ணு என்ன விலை வரும் பாய்?" என்று தீப்பெட்டியைத் திறந்து காட்டினார் பலவேசம்.

ஜமால் பாய் இதை நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். அது அவர் செய்த பிழை. "இதைப் போய்க் காசு குடுத்து வாங்குவாங்களா? எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் புதுசாப் போடுங்க. வீட்டுல கொண்டு வச்சா பல்லி தானா வந்து குடியேறும்," என்று சிரித்தார்.

கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் அந்தத் தகரப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். என்று மூவருக்கும் விளங்கியது. பல்லியின் வீடு அது.

பாய் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது விலை கூட. ஆனா வலை சன்னமா இருக்கும், பூச்சி பொட்டு ஒண்ணும் உள்ள போகாது. அது விலை கம்மி, ஓட்டை பெருசு. நான் சொல்லுதேன், சன்ன வலையே எடுங்க."

"வாசல் இல்லாத வீட்டுக்கு யாரு பாய் குடிவருவா?" என்றார் தவசிக்கனி.

பெரிய ஓட்டை உள்ளதே எடுக்கப்பட்டது. காசும் மிச்சம்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. அதுவும் கருகியிருந்தது. ஒருவர் பயன்படுத்திய பழைய கார்டுகள் இரண்டைப் பாய் காட்டினார். ஒன்றில் இரண்டு விசிறி, ஒன்றில் ஒற்றை விசிறி. "ரெண்டு விசிறிதான் நல்லது, சூடு தங்காது. உங்க காசுக்குள்ளயே வரும்."

மூவரும் கடையின் மூலைக்குப் போய்க் கலந்து பேசினார்கள்.

"ரெண்டு பக்கமும் காத்தடிச்சா பல்லிக்குச் சளி பிடிக்கும்லா?" என்றான் சங்கிலிபூதம்.

"வெறும் சளியா? அசந்த நேரம் தூக்கி வீசிரும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நாம எங்கன போய்ப் பிடிக்க?" என்றார் பலவேசம்.

ஒற்றை விசிறி எடுக்கப்பட்டது.

"மிச்சக் காசுல ரேம் மெமரியை ஏத்திருங்க, வேகம் கூடும்," என்று பாய் கடைசியாக ஒருமுறை மன்றாடினார். ஆனால் தவசிக்கனியின் கண் ஷோகேசில் பல வண்ணத்தில் மின்னிக்கொண்டிருந்த ஒரு விசிறியில் பதிந்திருந்தது. "வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும்," என்றார். இவ்வளவு நீளமாக யோசிக்கிற ஆள் தங்கள் ஊரில் பிறந்ததற்காகப் பலவேசம் மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டார். எட்டாயிரமும் தீர்ந்தது.

பாய் எல்லாவற்றையும் மாட்டிச் சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் ஓடியது. விளையாட்டும் வந்தது.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது சங்கிலிபூதத்துக்கு ஒரு சந்தேகம். "பல்லி இல்லாமலே ஓடிச்சே அண்ணே?"

பலவேசம் பரிவோடு சிரித்தார். "கடைச் சுவத்துல ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்துதே, நீ பாக்கலியா? கடைக்காரன் தனக்குன்னு வேற வச்சிருப்பான்லே."

கம்ப்யூட்டரை முன்னறையில் வைத்தார்கள். பல்லி வராமல் சுவிட்சைத் தொடக்கூடாது என்று தவசிக்கனி ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினார். வியாழன் போயிற்று. வெள்ளியும் போயிற்று. வண்ண விசிறி மின்னினால் பூச்சி வரும். பூச்சி வந்தால் பல்லி வரும். ஆனால் பல்லி வந்தால்தான் விசிறியை மின்னவிடலாம். இந்த இடத்தில் தவசிக்கனியின் யோசனை தானே சுற்றி வந்து தன் முதுகில் இடித்துக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை சங்கிலிபூதம் பொறுமையிழந்து, சமையலறைச் சுவரில் ஒரு பல்லியைப் பாய்ந்து பிடித்தான். பல்லி போய்விட்டது, வால் மட்டும் கையில் துடித்தது.

"துடிக்குது பாருங்க! கரண்டு இருக்கு! இதை மாட்டுவோம்!"

"வாலை மட்டும் மாட்டினா விளையாட்டும் வால் அளவுக்குத்தான் ஓடும்," என்றார் தவசிக்கனி. "அதோட, பாய் என்ன சொன்னாரு? தானா வந்து குடியேறும்னாரு. பிடிச்சு இழுத்துக்கிட்டு வரச் சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்போ உடைச்சதுக்கு நீதான் பொறுப்பு."

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு வடிவு முன்னறைக்கு வந்தாள். மூன்று ஆண்பிள்ளைகள் ஒரு பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். பெட்டியின் ஓட்டையருகே கருப்பட்டித் துண்டு வைத்து எறும்பு வரவழைத்திருந்தார்கள்.

"ஊரே வாசல்ல நிக்கி. கருக்குவேலூர்க்காரன் ரெடியாயிட்டானாம். பல்லியும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம், சுவிட்சைப் போட்டுத் தொலைங்க!"

"ஏட்டி, உனக்குத் தெரியாத விஷயத்துல தலையிடாத," என்றார் பலவேசம். "நூல் கோக்காம நீ தையல் மிஷினை மிதிப்பியா?"

வடிவு அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மூட்டையைக் கட்டி எடுத்து வந்து, அவர் பார்வையில் படும்படி வைத்தாள். அன்றைக்கு முப்பது நைட்டி. பலவேசத்துக்குக் கழுத்து வலிக்கத் தொடங்கியது.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பரணிலிருந்து ஒரு பல்லி இறங்கியது. நின்றது. மூவரையும் ஒருமுறை பார்த்தது. எறும்பு வரிசையைப் பின்பற்றிச் சென்று, பெரிய ஓட்டை வழியாக எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் நுழைந்தது.

சங்கிலிபூதத்தின் கண்ணில் நீர் தளும்பியது. அவன் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தான்.

"பொறுலே!" என்று தடுத்தார் பலவேசம். "இப்பத்தான வந்திருக்கு. மூச்சு வாங்கட்டும்."

நான்கு மணி அடித்தபோது சுவிட்சைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. வண்ண விசிறி மின்னியது. பலவேசம் திரும்பி மனைவியைப் பார்த்த பார்வையில் முப்பது நைட்டியும் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

"எதிரி சுவருக்குப் பின்னால நிக்கான்!" என்று கூவினான் சங்கிலிபூதம். பலவேசம் அழுத்தினார், தவசிக்கனி நகர்த்தினார், இருவரும் எதையும் பார்க்காததனால் எதற்கும் அஞ்சவில்லை. பதினோரு நிமிடத்தில் கருக்குவேலூர் ஏழு முறை செத்தது. இன்னும் ஒருமுறை செத்தால் பேருந்து நம்முடையது.

அப்போது பெட்டிக்குள் "டப்" என்றது. ஒரு கீற்றுப் புகை எழுந்தது. பல்லி ஓட்டை வழியே குதித்து, ஒரு சேதமும் இல்லாமல் பரணுக்கு ஏறிப் போயிற்று. மறுகணம் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரும் வெடித்தது. இரண்டு ஊருக்கும் அது ஒன்றே. கருக்குவேலூர்க் கம்ப்யூட்டரும் அணைந்தது.

"பாத்தியாட்டி?" என்றார் பலவேசம் இருட்டிய திரையைக் காட்டி. "அது ஒண்ணு எறங்கிப் போனதுக்கு ரெண்டு ஊருக்கும் கரண்டு போச்சு. இன்னும் பல்லி வேண்டாம்பியா?"

வடிவு மூட்டையின் முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

எட்டாவது முறை யாரும் சாகாததால் போட்டி சமன் என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் தீர்ப்புச் சொன்னார்கள். சமன் என்றால் பேருந்தும் சமனாக நிற்க வேண்டும். ஆகவே இரண்டு ஊருக்கும் நட்டநடுவே, ஒரு மைல் தள்ளி, ஆளே இல்லாத, முள் மண்டிய உடைமரக்காட்டில் நிறுத்தம் அமைந்தது. வடிவு சொன்ன சொல்லில் பாதியைத் தள்ளுபடி செய்து, ஒரு மைல் மூட்டை சுமந்தால் போதும் என்றாள்.

மூன்று நாள் சுமந்தபின் பலவேசம் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினார். உடைமரக்காட்டு நிறுத்தத்துக்கு மக்கள் போய்ச்சேர இன்னொரு பேருந்து வேண்டும் என்பது அதன் சாரம்.

"அந்தப் பஸ் எங்க நிக்கும்? மறுபடியும் ரெண்டு ஊருக்கும் சண்டைதானே?" என்றாள் வடிவு.

"நான் யோசிக்காம எழுதுவனாட்டி? நிக்கிறதுனாலதானே சண்டை. எங்கயுமே நிக்காத பஸ்ஸா அனுப்பச் சொல்லியிருக்கேன். ஓடி ஏறிக்கிட வேண்டியதுதான்."

பேருந்து வருவதற்குள் பழகிக்கொள்வது நல்லதென்று மூவரும் மறுநாளே பயிற்சியைத் தொடங்கினார்கள். காலை ஆறு மணிக்கு, பலவேசம் தலையில் மூட்டையோடும், மற்ற இருவர் கையை வீசிக்கொண்டும், வெறுஞ்சாலையில் ஓடி, இல்லாத பேருந்தில் குதித்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து, உடைமரக்காட்டில் குதித்து இறங்கிப் பழகினார்கள்.

முதல் நாளே சங்கிலிபூதத்துக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. அசந்து தூங்கிவிட்டான். இறங்க வேண்டிய இடம் தாண்டி, கருக்குவேலூர் வரை போய், அங்கிருந்து நடந்தே திரும்பினான்.