பார்த்தேன், தொடரவும்

"மேடம், லேப்டாப் போயிடுச்சு. ஆனா நான் பயப்படல" என்றார் கோமதிநாயகம்.

எஸ்தர் மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகத்தின் ஆய்வு நெறியாளர் அவர்தான். வயதில் இவரைவிட இளையவர். இவரோ தலை நரைத்த கல்லூரி ஆசிரியர். பாடம் நடத்தியது போக மிச்ச நேரத்தில் முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவர்.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இனித் தவணை கிடையாது.

படித்த புத்தகங்கள், கட்டுரைகள், அவற்றின் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் என்று இத்தனை வருடச் சேகரிப்பும் மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளுக்குள் இருந்தது. மென்பொருள் லேப்டாப்புக்குள் இருந்தது. லேப்டாப் கண்ணை மூடிவிட்டது.

"பேக்கப் எடுத்தீங்களா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! வெள்ளிக்கிழமை விளக்கேத்துற மாதிரி வாரா வாரம் எடுத்துடுவேன்."

சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவை அவர் கழற்றிய மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! தன் துறையில் யாருடைய கோப்பு தொலைந்தாலும் முதலில் வந்து புத்திமதி சொல்கிறவர் அவர்தான்.

மேடத்தின் கணினியில் செருகினார். தேதி போட்ட ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. கடைசியானதைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு ஐகான். தட்டினார்.

கோப்பைக் காணவில்லை என்றது திரை.

முந்தைய வாரத்தைத் தட்டினார். அதற்கு முந்தையதையும் தட்டினார். எல்லாம் அதே பாட்டு.

"மூலையில குட்டியா வளைஞ்ச அம்புக்குறி இருக்கே, அது என்ன மேடம்?"

"ஷார்ட்கட். நீங்க வீட்டை எடுத்து வைக்கல சார். வீட்டுக்குப் போற வழியைத்தான் எடுத்து வச்சிருக்கீங்க."

கோமதிநாயகம் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க மேடம். மாசா மாசம் உங்க கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி போட்டுட்டுப் போவேனே!"

இருந்தது. எல்லாவற்றின் மூலையிலும் அதே அம்புக்குறி.

கோமதிநாயகம் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"என் லேப்டாப்புல தட்டினப்போ எல்லாம் திறந்துச்சு. எனக்கு எப்படித் தெரியும்? நீங்க இங்க ஒரே ஒரு தடவை தட்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு மாசமும் 'பார்த்தேன், தொடரவும்'னு மெசேஜ் போட்டீங்களே!"

"பார்த்தேன்" என்றார் மேடம். "வந்திருக்கான்னு பார்த்தேன்."

"திறந்து பார்க்கலையா?"

மேடம் டீயை ஊதினார்.

"உங்களை நம்பினவன் வாழ்க்கை மேடம் இது! நானும்தான் பிள்ளைங்களுக்கு வழிகாட்டுறேன். இப்படி ஒரு துரோகம் பண்ண எனக்கு மனசு வராது."

அந்த நேரம் பார்த்து அவருடைய செல்பேசி அடித்தது. அழைத்தது முத்தரசி, அவரிடம் ப்ராஜக்ட் செய்கிற மாணவி. அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சார், மூணாவது அத்தியாயம் அனுப்பியிருந்தேனே. பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்மா" என்றார் கோமதிநாயகம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நல்லா இருக்கு. அப்படியே தொடரு."

போனை வைத்தார்.

எஸ்தர் மேடம் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க, டாக்டர்."